தமிழ்த் திரைப்பாட்டை ஆக்கிய கைகள்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை மாதவியின் ஆடலை மட்டும் போற்றுவதன்று. அவள் அரங்கேறுமுன் அவளுக்குத் துணைநின்ற ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் யாத்த புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகிய அறுவரின் திறங்களையும் இளங்கோவடிகள் தனித்தனியே எடுத்துரைக்கின்றார். கலை ஒருவர் செயலன்று, பலருடைய கூட்டு முயற்சி என்பதைத் தமிழ் மரபு அன்றே உணர்ந்திருந்தது. அதே காப்பியம் புகார் நகரைப் பாடுமிடத்து, பல நாடுகளினின்றும் வந்த வேற்றுமொழியாளர் அந்நகரில் ஒன்றுபட்டு வாழ்ந்த செய்தியையும் பெருமையோடு சொல்கின்றது.

இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு, நம் காலத்துத் தமிழ்த் திரையிசையின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. தாயகத்தை விட்டு வந்து வேற்றுமொழி மாநிலங்களில் வாழும் நமக்கு இஃது ஒரு பொழுதுபோக்குச் செய்தி மட்டுமன்று. நம் இல்லங்களில் வளரும் சிறார் பலர் தமிழ் எழுத்தை அறியுமுன் தமிழ்ப் பாட்டை அறிகின்றனர். சிலர் பாட்டோடு நின்றுவிடுகின்றனர். ஆகவே அப்பாட்டு எத்தகையது, யாரால் ஆக்கப்பெற்றது என்று அறிவது நம் கடமையாகின்றது. 'திரைப்பாட்டு வேற்றாரின் கைபட்டுத் தன் தமிழ்த்தன்மையை இழந்தது' என்று வருந்துவோர் நம்மிடையே உண்டு. அவ்வருத்தம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை வரலாற்றின் துணைகொண்டே ஆராய்வோம்.

பம்பாயில் பிறந்த பேசும்படம்

தமிழ்த் திரைப்பாட்டு தமிழ்நாட்டில் பிறக்கவில்லை. 1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சென்னையில் திரையிடப்பெற்ற 'காளிதாஸ்' பம்பாயில் எடுக்கப்பெற்ற படமாகும். அதனைத் தயாரித்தவர் பார்சி இனத்தவராகிய அர்தேஷிர் இரானி. இயக்கியவர் தெலுங்கராகிய எச்.எம். ரெட்டி. கதைத்தலைவியாகிய டி.பி. ராஜலட்சுமி தமிழ் பேச, கதைத்தலைவன் தெலுங்கு பேசினான். மதுரை பாஸ்கரதாஸ் இயற்றிய நாட்டுப்பற்றுப் பாடல்கள், கதையோடு தொடர்பில்லாதனவாயினும், அப்படத்தில் இடம்பெற்றன. மக்கள் அதனை வரவேற்றனர். தம் மொழி திரையிலிருந்து ஒலித்ததைக் கேட்ட மகிழ்ச்சியே அவ்வரவேற்பிற்குக் காரணம் எனலாம்.

அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்ப் படங்கள் பம்பாய், கல்கத்தா முதலிய ஊர்களிலுள்ள படக்கூடங்களிலேயே மிகுதியும் உருவாயின. நடிகரும் பாடகரும் வாத்தியக்காரரும் புகைவண்டியேறி அங்குச் சென்று, பல வாரங்கள் தங்கிப் பணியாற்றித் திரும்பினர். 1934இல் 'சீனிவாச கல்யாணம்' சென்னையிலேயே எடுக்கப்பெற்ற பின்னர்தான் இந்நிலை மெல்ல மாறத் தொடங்கியது. அப்படத்தை உருவாக்கிய ஏ. நாராயணனின் துணைவியார் மீனாட்சி ஒலிப்பதிவுப் பணியை ஏற்று நடத்தினார் என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி.

அக்காலத்துப் பாடலாசிரியருள் தலையாயவர் பாபநாசம் சிவன் (1890-1973). தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் பிறந்த அவர், இளமையில் தந்தையை இழந்து, தாயுடன் திருவனந்தபுரம் சென்று அங்கே வளர்ந்தார். வடமொழியும் மலையாளமும் அங்கே பயின்றார். தாயகத்திற்கு வெளியே வளர்ந்த அவரே பின்னர்த் தமிழில் பல நூறு பாடல்களை இயற்றி, 'தமிழ்த் தியாகய்யர்' என்று போற்றப்பெற்றார். 1944இல் வெளியாகி, மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்' படத்தில் அவருடைய பாடல்களும், ஜி. ராமநாதனின் இசையமைப்பும், தியாகராஜ பாகவதரின் குரலும் ஒன்றுகூடின. மரபிசை, பொதுமக்கள் விரும்பும் பாட்டாக மாறிய வரலாற்றில் அப்படம் ஒரு பெரிய மைல்கல்.

இசைத்தட்டு வணிகரும் பின்னணிக் குரலும்

இசையமைப்பாளரையும் பாடகரையும் போற்றும் நாம், பொருள் முதலீடு செய்த தயாரிப்பாளரை எளிதில் மறந்துவிடுகின்றோம். திரையிசையின் போக்கை மாற்றிய முடிவுகள் பல அவர்களால் எடுக்கப்பட்டவையே.

காரைக்குடியினின்றும் சென்னைக்கு வந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார், 1930களின் தொடக்கத்தில் நண்பர் சிலருடன் சேர்ந்து 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' என்னும் நிறுவனத்தின் வழியே ஓடியன் இசைத்தட்டுகளை விற்று வந்தார். படத்தொழிலுக்கு அவர் வந்தது இசைத்தட்டு வாயிலாகத்தான். ஆகவே, எந்தக் குரலை மக்கள் திரும்பத் திரும்பக் கேட்பர் என்பதை அவர் கடையில் நின்றே கற்றிருந்தார். மராட்டியராகிய கேசவராவ் தைபர் இயக்கத்தில் அவர் 1938இல் வெளியிட்ட 'நந்தகுமார்' படத்தில், நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கட்ராமன் என்பவர் பாடினார். தமிழ்ப் படத்தில் பின்னணிப் பாடல் தோன்றியது இவ்வாறே. 1945இல் வெளிவந்த 'ஸ்ரீவள்ளி'யிலோ, கதைத்தலைவியின் பாட்டுக் குரல் நிறைவளிக்காமையால், பி.ஏ. பெரியநாயகியின் குரலில் பாடல்களை மீண்டும் பதிவுசெய்து படத்தோடு பொருத்தினார்.

இது சிறிய மாற்றமன்று. அதுவரை பாடத் தெரிந்தவரே நடிகராக முடிந்தது; கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் மேடையில் ஆண்டது அவ்வகையிற்றான். பின்னணிப் பாடல் வேரூன்றியபின் குரலும் முகமும் பிரிந்தன. முகம் தமிழகத்தினின்று வரலாம், குரல் எந்நாட்டினின்றும் வரலாம் என்றாயிற்று. தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய மொழிகளின் படங்களும் பெரும்பாலும் சென்னையிலேயே எடுக்கப்பெற்றமையால், நான்கு மொழிக் கலைஞரும் ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தின் வாயிலில் காத்திருந்தனர். கோடம்பாக்கம் நம் காலத்துப் புகாராயிற்று.

கடன் மெட்டும் தமிழிசைக் குரலும்

இவ்விடத்து மறுபக்கத்தையும் மறையாது கூறல் வேண்டும். அந்நாளில் தயாரிப்பாளர் பலர், வெற்றி பெற்ற இந்திப் பாடலின் இசைத்தட்டை இசையமைப்பாளர் முன்வைத்து, அம்மெட்டிலேயே தமிழ்ச் சொற்களை அடைக்குமாறு கேட்டனர். அசை நீண்டும் குறுகியும் சொல் சிதைந்தது. மெட்டுக்கு எழுதப்பட்ட தமிழ் சில வேளைகளில் தமிழாகவே ஒலிக்கவில்லை. 1943இல் அண்ணாமலை அரசர் சென்னையில் தமிழிசைச் சங்கத்தை நிறுவியபோது கச்சேரி மேடையைக் குறித்து எழுந்த வினா, திரைப்பாட்டுக்கும் பொருந்துவதாகவே இருந்தது. பாட்டில் தமிழ் எங்கே என்பதே அவ்வினா.

ஆயினும், குறை வேற்றாரின் வருகையில் இல்லை, உழைப்பின்மையில் இருந்தது. பிற்காலத்தில் 'அல்பேலா', 'அனார்கலி' முதலிய இந்திப் படங்களால் பெரும்புகழ் எய்திய மராட்டியர் சி. ராமச்சந்திரா, தம் தொடக்கக் காலத்தில் 'வனமோகினி' (1941) என்னும் தமிழ்ப் படத்திற்கு இசையமைத்தவர். எஸ்.எஸ். வாசன் 1948இல் வெளியிட்ட 'சந்திரலேகா'வுக்குத் தெலுங்கராகிய எஸ். ராஜேஸ்வரராவ் இசையமைத்தார், அப்படம் இந்தியிலும் உருவாகி வடநாடெங்கும் ஓடியது. கொடுத்தலும் கொள்ளலும் தொடக்கந்தொட்டே நிகழ்ந்துள்ளன. கொண்டதைத் தமது ஆக்கிக்கொண்டார்களா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

மெல்லிசையின் இரட்டையர்

அக்கேள்விக்கு நல்விடை அளித்தவர் விசுவநாதன், ராமமூர்த்தி இரட்டையர். டி.கே. ராமமூர்த்தி (1922-2013) திருச்சிராப்பள்ளியில் வயலின் மரபில் வந்தவர். எம்.எஸ். விசுவநாதன் (1928-2015) பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் தந்தையை இழந்து, கண்ணூரில் பாட்டனார் நிழலில் வளர்ந்து, நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்று, ஜூபிடர் பட நிறுவனத்தில் எடுபிடிப் பணியாளராய்ச் சேர்ந்தார். கோவையில் இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் கீழ் இருந்தபோது இளைஞர் அமைத்த மெட்டுகள் ஆசான் பெயரிலேயே வெளிவந்தன. நிறுவனம் சென்னைக்குப் பெயர்ந்த காலத்தில், அவ்வுண்மையை முதலாளியிடம் சுப்பையா நாயுடுவே எடுத்துரைத்து, இளைஞரை உடனழைத்துச் செல்லுமாறு பரிந்துரைத்தார். விசுவநாதன் பிற்காலத்தில் நன்றியோடு பலகாலும் சொல்லிவந்த செய்தி இது.

இருவரும் ஒன்றுசேர்ந்தது சி.ஆர். சுப்பராமனின் குழுவில். தமிழிலும் தெலுங்கிலும் ஒருங்கே புகழ் ஈட்டிய அவ்விளைஞர் 1952இல் முப்பது வயது நிறையுமுன் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற 'தேவதாஸ்' முதலிய படங்களின் இசையை உதவியாளர் இருவரும் முடித்துக் கொடுத்தனர். என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' (1952) தொடங்கி 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) வரை அவர்கள் இணைந்தே இசையமைத்தனர். 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' என்னும் மூன்றும் 1961 என்னும் ஒரே ஆண்டில் வந்தவை. ராகத்தின் சாயலைக் காத்துக்கொண்டு, ஆலாபனையின் நீளத்தைக் குறைத்து, கிதாரும் பியானோவும் அக்கார்டியனும் ஷெனாயும் கலந்து, மூன்றரை நிமிடத்தில் ஒரு மனநிலையை முழுமையாக உணர்த்தும் வடிவத்தை அவர்கள் செப்பம் செய்தனர். கண்ணதாசனின் எளிய சொற்களுக்கு அவ்வடிவம் தக்க இருப்பிடமாயிற்று.

அவர் காலத்திலேயே வேறொரு வழியில் சென்றவர் கே.வி. மகாதேவன் (1918-2001). அவர் பிறந்த நாகர்கோவில் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. பாட்டை முதலில் எழுதி வாங்கி, அச்சொற்களின் ஓசையினின்றே மெட்டைக் காண்பது அவர் வழக்கம். கடன் மெட்டு நோய்க்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை. சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருது முதன்முதலாக வழங்கப்பெற்றது அவருக்கே. படம் 'கந்தன் கருணை' (1967). அவரே தெலுங்கில் 'சங்கராபரணம்' படத்திற்கு இசையமைத்து, மீண்டும் அவ்விருதைப் பெற்றார். ஒரு மொழியின் ஓசையை மதிக்கக் கற்றவர் பிறிதொரு மொழியின் ஓசையையும் மதிப்பார் என்பதற்கு இது சான்று.

உச்சரிப்பு என்னும் தேர்வு

பாடகர் பெயர்களை எண்ணிப் பார்த்தால் வியப்பே மிகும். தமிழ் உச்சரிப்புக்கு இலக்கணம் என்று நாம் போற்றும் டி.எம். சௌந்தரராஜன் (1922-2013) மதுரையில் சௌராட்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். நூற்றாண்டுகளுக்கு முன் மேற்கிந்தியாவினின்றும் குடிபெயர்ந்து வந்த நெசவாளர் மரபினர். பி. சுசீலா ஆந்திரத்து விசயநகரத்தைச் சேர்ந்தவர். 'பெற்ற தாய்' (1953) படத்தில் முதலில் பாடிய அவரை, ஏ.வி.எம். நிறுவனம் மாதச் சம்பளத்தில் அமர்த்தி, தமிழ் கற்பிக்க ஆசிரியர் ஒருவரையும் ஏற்பாடு செய்தது. பின்னர், சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதன்முதல் வழங்கப்பெற்றபோது, 'உயர்ந்த மனிதன்' (1968) என்னும் தமிழ்ப் படத்தின் பாடலுக்காக அவரே அதைப் பெற்றார். ஒரு தயாரிப்பாளர் தமிழாசிரியருக்கு அளித்த ஊதியம் தமிழிசைக்கு எத்துணைப் பெரிய முதலீடாயிற்று!

எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் வரலாறும் இத்தகையதே. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவ்விளைஞரின் குரலைக் கேட்டு மகிழ்ந்த விசுவநாதன், உடனே வாய்ப்பளிக்கவில்லை; தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு வருமாறு சொல்லி அனுப்பினார். இளைஞர் அவ்வாறே கற்றுத் திரும்பினார். 1969 முதல் 2020இல் மறையும்வரை அவர் தமிழில் பாடியவற்றைக் கேட்போர் அவரை வேற்றுமொழியாளர் என்று எண்ணவே இயலாது. மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரைத் தமிழுக்காகத் திருப்பி அனுப்பினார் என்பதை நாம் ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். தமிழ்ப் பாட்டின் காவல் பிறப்பால் தமிழரானவரிடம் மட்டும் இருக்கவில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் உண்டு. வேலூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வாணி ஜெயராம், வங்கிப் பணியாளராக இருந்து, மணமான பின் பம்பாயில் குடியேறி, அங்கே இந்துஸ்தானி இசை பயின்று, வசந்த் தேசாயின் இசையில் 'குட்டி' (1971) என்னும் இந்திப் படத்தில் பாடிப் புகழ்பெற்றார். அதன் பின்னரே தமிழ்த் திரை அவரை அழைத்தது. 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்திற்காகத் தேசிய விருதும் பெற்றார். 2023இல் மறைந்த அவ்வம்மையாரின் வாழ்வு நம் போன்ற குடும்பங்களின் வாழ்வோடு நெருங்கியது. குடிபெயர்தல் அவர் தமிழைக் குறைக்கவில்லை. அவர் இசையைப் பெருக்கியது.

வான்வழி வந்த பாட்டு

ஆக்கிய பாட்டை மக்களிடம் சேர்த்தவர் யார்? 1952இல் மத்திய அமைச்சராயிருந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைப் பெரிதும் குறைத்துவிட்டது. அவ்விடத்தை நிரப்பியது கடல் கடந்த இலங்கை வானொலி. மயில்வாகனன் முதலிய அறிவிப்பாளர்கள் நல்ல தமிழில் பாடலை அறிமுகம் செய்து, இயற்றியவர், இசையமைத்தவர் பெயர்களையும் நேயர் நாவில் நிறுத்தினர். 1957 அக்டோபர் 3ஆம் நாள் தொடங்கிய விவித பாரதி, கேஸ்கர் அமைச்சராயிருந்தபோதே, அரசு வானொலியில் திரைப்பாட்டுக்கு மீண்டும் இடமளித்தது. மக்கள் விருப்பத்தின் முன் தடை நெடுநாள் நிற்கவில்லை.

பண்ணைப்புரத்தினின்றும் ஒரு குரல்

1970களின் தொடக்கத்தில் 'ஆராதனா', 'யாதோன் கி பாராத்', 'பாபி' ஆகிய இந்திப் படங்களின் பாடல்கள் தமிழகத்துத் தெருக்களிலும் ஒலித்தன. அச்சூழலில் 1976இல் வெளிவந்தது 'அன்னக்கிளி'. அதன் பாடல்களை எழுதிய பஞ்சு அருணாசலம், அதுவரை பெயரறியாத இளைஞர் ஒருவரை நம்பி இசைப்பொறுப்பை அளிக்கச் செய்தார். அவ்விளைஞரே இளையராஜா.

தேனிப் பகுதியின் பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனுடன் ஊர்தோறும் மேடைகளில் வாசித்து, சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டிசை பயின்றவர் அவர். கன்னடத் திரையுலகில் புகழ்பெற்ற ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகவும், வங்கத்து சலில் சௌதுரியின் குழுவில் கிதார் கலைஞராகவும் பணியாற்றினார். வயலின் கூட்டங்களுக்குத் தனித்தனியே சுரக்குறிப்பு எழுதும் முறையும், வயற்காட்டுப் பாட்டின் மண்வாசமும் அவரிடம் ஒன்றுபட்டன. தமிழகத்துச் சிற்றூரின் குரலாக 'அன்னக்கிளி'யில் ஒலித்தவர் ஆந்திரத்தில் பிறந்த எஸ். ஜானகி. அப்பாட்டைக் கேட்டுத் தம் ஊரை நினைத்துக் கண்கலங்கியோர் நம்மிடையே பலர், அக்கண்ணீர் பொய்யன்று.

பெயர் பெறாதவர்

ஒலிப்பதிவுக் கூடத்தில் நாள்தோறும் வாசித்தவர் பெயர்கள் நெடுங்காலம் எங்கும் அச்சேறவில்லை. பின்னிசைக் கோவையை எழுதியவர், வாத்தியக் குழுவை நடத்தியவர் ஆகியோரின் உழைப்பு இசையமைப்பாளர் பெயருக்குள் அடங்கிப் போயிற்று. சென்னையில் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தும், பிறருக்கு இசைக்கோவை செய்தும் இரவுபகலாய் உழைத்த ஆர்.கே. சேகர் 1976இல் இளவயதிலேயே மறைந்தார். ஒன்பது வயது மகன் தந்தையின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டு வரும் வருவாயோடு வளர்ந்தான். அம்மகனே ஏ.ஆர். ரகுமான்.

கே. பாலசந்தரின் நிறுவனம் தயாரித்து, 1992இல் வெளிவந்த 'ரோஜா' அவருடைய முதற்படம். தம் இல்லத்தையொட்டி அமைத்த ஒலிப்பதிவுக் கூடத்தில், ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் போன்றோர் துணையுடன், ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியே பதிந்து அடுக்கும் முறையை அவர் நிலைநாட்டினார். அப்படத்தின் பாடல்கள் இந்தியில் மொழிமாற்றம் பெற்று வடநாட்டு இல்லங்களிலும் ஒலித்தன. 2009இல் இரண்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற மேடையில் அவர் தமிழிலும் பேசினார். ஆயினும் நாம் இவ்விடத்துச் சிறப்பாகக் குறிக்க விரும்புவது வேறொன்று. வாத்தியம் வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர் பெயர்களை ஒலிநாடா உறையில் அச்சிடும் வழக்கம் பரவ அவர் காரணமானார். தந்தைக்குக் கிட்டாத அறிமுகத்தை மகன் பிறருக்கு வழங்கினார். இளங்கோவடிகள் அறுவர் திறத்தையும் பாடிய அறம் மீண்டும் தமிழிசையில் தலைகாட்டியது.

நமக்கு எஞ்சுவது

இவ்வரலாற்றினின்றும் நாம் பெறும் தெளிவு இரண்டு. தமிழ்த் திரைப்பாட்டு வேற்றார் வருகையால் கெட்டதன்று. வந்தவர் தமிழைக் கற்றமையால் வளர்ந்தது. அது கெட்ட இடங்களில் எல்லாம் சொல்லுக்கு உழைக்க மறுத்த சோம்பலே காரணமாயிருந்தது. அச்சோம்பல் தமிழர்க்கும் வரக்கூடியதே.

மற்றொன்று நம்மைப் பற்றியது. வேற்றுமொழிச் சூழலில் பிறந்தோர் ஆசிரியர் வைத்துத் தமிழ் கற்று, நம் நெஞ்சை உருக்கும்படி பாடியிருக்கின்றனர். தமிழ்க் குடியில் பிறந்த நம் சிறார், பாட்டின் மெட்டை மட்டும் அறிந்து, அதன் சொல்லை அறியாதிருப்பது முறையோ? மெட்டைப் பாடும் குழந்தையை அருகமர்த்தி, பாட்டின் ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லி, அதனை எழுதிக் காட்டுவோமாயின், விசயநகரத்துச் சிறுபெண்ணுக்குத் தமிழ் சொல்லித்தந்த அந்த ஆசிரியரின் பணியை நாமும் ஒருசிறிது செய்தவராவோம். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புகள் இவ்வகையில் ஒரு பாட்டோடு தொடங்குமாயின், இக்கட்டுரை தன் பயனை அடைந்ததாகும்.